கிஸ்தியில் மூண்ட கிளர்ச்சி



வழக்கமாக நான் தென்னையில் காண்டாமிருக வண்டு, நிலக்கடலைக்கு ஜிப்சம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொண்டிருப்பேன். இன்றைக்கு உரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. கிஸ்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றிருக்கிறேன். ஜமாபந்திக்குத் தாலுகா ஆபீசுக்குப் போய் வந்த ஒரு பெரியவர், "ஏனுங்க, கிஸ்தி, பசலி, ஜமாபந்தி... இதெல்லாம் தமிழுங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எதுவும் தமிழ் இல்லை. கிஸ்தி என்றால் தவணை. பசல் என்றால் அறுவடை. அறுவடையை வைத்துக் கணக்கிட்ட வரி வருஷம்தான் பசலி. எல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் நவாபுகள் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொற்கள். நவாபும் போனார், அவருக்குப் பின் வந்த கும்பினியும் போயிற்று. சொல் மட்டும் நம் சிட்டா அடங்கலோடு தங்கிவிட்டது.

கிஸ்தி என்றதும் உங்களுக்குக் கட்டபொம்மன் ஞாபகம் வந்திருக்கும். 1959-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் பேசிய வசனத்தை இன்றும் ஊர்த் திருவிழாவில் பையன்கள் மீசையை முறுக்கிக்கொண்டு பேசுகிறார்கள். நானும் ரசிப்பேன். ஆனால் அந்த வசனத்தைக் கேட்டால், கட்டபொம்மன் ஒரு காசும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதால் சண்டை வந்தது என்றுதான் தோன்றும். நடந்தது அப்படி இல்லை. அவர் பாக்கியில் பெரும் பகுதியைக் கட்டியிருந்தார். அதற்குப் பிறகும் சண்டை வந்தது. அந்தச் சண்டை பாஞ்சாலங்குறிச்சியோடு நிற்காமல் சிவகங்கை, திண்டுக்கல், கோயம்புத்தூர் வரைக்கும் பரவியது. ஏன் என்பதுதான் விஷயம்.

முதலில் இந்தக் கும்பினி யார் என்று தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு துறைமுகம். அப்போது அந்த நாடு இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்தது. 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, அந்த ஊர்க்காரர்கள் கப்பலில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது யாருடைய தேயிலை? நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை. வால்பாறைத் தேயிலை என்று நினைத்துவிடாதீர்கள், அப்போது ஆனைமலையில் தேயிலைச் செடியே கிடையாது. அது சீனத் தேயிலை. கும்பினி கடனில் மூழ்கிக் கிடந்தது. லண்டன் கிட்டங்கிகளில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் தேயிலை விற்காமல் தேங்கிப் போயிருந்தது. அதை அமெரிக்காவில் மலிவாகத் தள்ளிவிடச் சட்டம் போட்டார்கள். பவுண்டுக்கு மூன்று பென்னி வரி மட்டும் நீடித்தது. வரியோடு சேர்த்தாலும் தேயிலை முன்னைவிட மலிவு. அப்படியிருந்தும் கொட்டினார்கள் பாருங்கள்! எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார் என்பதுதான் அவர்கள் கேள்வி. 1775-ல் சண்டை மூண்டது. 1776 ஜூலை 4-ல் விடுதலை அறிவித்தார்கள். 1781-ல் யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்தது. அந்தப் படையின் தளபதி பெயர் காரன்வாலிஸ்.

அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தோற்ற அதே காரன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து இறங்கினார்.

இனி நம் பக்கம் வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்குச் செலவு பெரிது. சண்டைக்குக் கும்பினிப் படையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார், அதற்குப் பணம் கொடுக்கக் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் அந்தக் கும்பினியின் உத்தியோகஸ்தர்களே. ஒருவர் தம் காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி, வட்டி கட்ட முடியாமல், குத்தகை வசூலிக்கும் உரிமையையே கடன்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். குத்தகைக்காரன் என்ன செய்வான்? அவன் ஒரு கடனும் வாங்கவில்லை. ஆனால் கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். இதுதான் நடந்தது. 1792-ல் நவாபும் கும்பினியும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பாளையக்காரர்களிடமிருந்து பேஷ்குஷ் என்னும் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் கும்பினிக்குப் போயிற்று. அப்போது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். அதே ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமையையும் கும்பினி வாங்கிக்கொண்டது. பழனிப் பக்கமெல்லாம் அதில் சேர்த்தி.

பாளையக்காரர் என்றால் வரி வாங்கித் தின்னும் ஜமீன்தார் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஊருக்குக் காவல் அவர் பொறுப்பு. திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வேண்டும், வழக்கைத் தீர்க்க வேண்டும். அதற்காகக் குடியானவர்கள் காவல் வரி கொடுத்தார்கள். எல்லாப் பாளையக்காரரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. குடியானவனைப் பிழிந்தவர்களும் உண்டு. ஆனாலும் பஞ்சம் வந்தால் ஊரோடு சேர்ந்து அவரும் கஷ்டப்பட்டாக வேண்டும். கும்பினிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்குத் தவணை தவறாமல் ரொக்கம் வேண்டும். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் இருந்ததா என்பது அதன் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு வெள்ளைக்காரரையும் சொல்ல வேண்டும். எட்மண்ட் பர்க் என்பவர் இங்கிலாந்துப் பார்லிமெண்டு உறுப்பினர். 1774-ல் அமெரிக்கர் மேல் போட்ட தேயிலை வரியை எடுத்துவிடுங்கள் என்று பேசியவர். அவரே 1785-ல் நவாபின் கடனைப் பற்றிப் பேசினார். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத மனிதர். ஆனால் என்ன பேசினார் தெரியுமா? ஏரிகளைப் பற்றிப் பேசினார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் உண்டு, முன்னோர் வெட்டி வைத்தவை, அவை பாழாகின்றன, அவற்றை நம்பிய நாட்டின் வருமானமோ கடன்காரர்களுக்குப் போகிறது என்கிற பொருளில் விளக்கினார். வரி என்றால் அதில் ஒரு பங்கு ஏரிக்கரைக்கும் மதகுக்கும் திரும்பி வர வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரிந்த நியாயம். அதைக் கடல் தாண்டி இருந்த ஒருவர் எடுத்துச் சொல்லியும் கும்பினி கேட்கவில்லை.

1798-க்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 வராகன். வராகன் ஒன்றுக்குச் சுமார் மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 11,500 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். அப்போது கலெக்டர் ஜாக்சன் என்பவர். அவர் ஆகஸ்டில் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் பார்க்கப் போனபோது கலெக்டர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்தில் பார்க்கப் போனால் முடியாது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முடியாது. இப்படியே கலெக்டர் பின்னாலேயே 23 நாள், ஏறக்குறைய 400 மைல் அலைந்திருக்கிறார். ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பேட்டி. அதற்குள் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். மிச்சம் 1,080 வராகன்தான்.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டிவிட்டு வந்த மனிதரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். உட்கார ஆசனம் இல்லை. போதாததற்குச் சிறைப்பிடிக்கவும் முயற்சி நடந்தது. கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் என்ற அதிகாரி செத்தார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

கும்பினியே விசாரணைக் குழு போட்டது. குழு பிள்ளையை விடுவித்து, ஜாக்சன் நடந்துகொண்டது சரியல்ல என்று கண்டது. ஜாக்சன் வேலையை இழந்தார். விவகாரம் அத்தோடு தீர்ந்திருக்கலாம். தீரவில்லை. ஏனென்றால் கலெக்டர் மாறினாரே தவிர, கேட்கிற முறை மாறவில்லை. புதுக் கலெக்டர் லூஷிங்டனும் வா, வந்து என் முன்னால் நில் என்றே எழுதினார். இதற்குள் கட்டபொம்மன் சிவகங்கை மருது சகோதரர்களோடு தொடர்பு கொண்டுவிட்டார். பாக்கி 1,080 வராகனைப் பற்றி அதன் பிறகு யாரும் கவலைப்படவில்லை என்பது என் எண்ணம். என்னை நிற்க வைக்க நீ யார் என்பதுதான் மிச்சம் இருந்தது. பாஸ்டன்காரன் கேட்டதும் இதைத்தானே?

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கும்பினிக்குப் படை ஓய்வாகக் கிடைத்தது. செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபரில் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களையும் வரவழைத்து அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார்கள். பார்த்தவர்கள் பயந்து அடங்குவார்கள் என்பது கணக்கு.

கணக்குத் தப்பியது. அடுத்த எட்டு மாதத்தில் தீ நம் கொங்கு நாட்டில் எரிந்தது.

பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் பஸ்ஸில் போனால் உடுமலை, பழனி தாண்டி, ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் விருப்பாச்சி வரும். மலைவாழைக்குப் பேர் போன ஊர். வாழைத்தாரைப் பார்த்தவர்கள் பலர், அந்த ஊர்ப் பாளையக்காரரை அறிந்தவர்கள் சிலர். அவர் பெயர் கோபால நாயக்கர். கணவரைப் பறிகொடுத்து வந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியாருக்கு முன்பு அடைக்கலம் கொடுத்தவர் இவரே. திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தார். மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோர் அவரோடு நின்றார்கள். மலபாரில் கேரளவர்மா, வடக்கே துந்தாஜி என்று மைசூர், கன்னட நாடு வரைக்கும் கூட்டு. இவர்கள் பேசும் பாஷை வேறு, ஜாதி வேறு, மதம் வேறு. வாசலில் வந்து நின்ற வசூல்காரன் மட்டும் ஒருவனே.

1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடித் திட்டம் போட்டார்கள். கோயம்புத்தூரில் கும்பினியின் ஐந்தாவது குதிரைப் படை இருந்தது. அதை ஜூன் 3-ஆம் தேதி தாக்குவது என்று முடிவு. ஏன் அந்தத் தேதி? அன்று மொகரம். படையில் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள் விழாவில் இருப்பார்கள் என்பது யோசனை. நன்றாகத்தான் யோசித்தார்கள். ஆனால் செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது. கும்பினிப் படை உஷாராகிவிட்டது. எதிர்பார்த்த உதவிகள் வந்து சேருவதற்குள் வேலை ஆரம்பித்துவிட்டது. பிடிபட்டவர்களை இராணுவ மன்றத்தில் விசாரித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். கோயம்புத்தூர், தாராபுரம், சத்தியமங்கலம் பக்கத்து மண்ணில் நடந்த விஷயம் இது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பாஸ்டன் தேநீர் விருந்துக்குத் தேதி சொல்லுகிறார்கள். ஜூன் 3 என்றால் விழிக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

கும்பினி கோபால நாயக்கரையும் விடவில்லை. விருப்பாச்சியைப் பிடித்து, அவரையும் பிடித்துத் தூக்கிலிட்டார்கள்.

தெற்கே மறுபடியும் மூண்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரி 2-ல் சிறையிலிருந்து தப்பினார். இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துச் சில நாட்களில் எழுப்பிவிட்டார்கள். ஊர் கூடி நிற்காமல் அந்த வேகத்தில் ஒரு கோட்டைச் சுவர் எழும்புமா, நீங்களே சொல்லுங்கள். மே 24 வரை அந்த மண் சுவர் பீரங்கிக்குத் தாக்குப் பிடித்தது. பிறகு ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு மருதுவிடம் போனார்.

1801 ஜூன் 16-ல் சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிக் கோட்டையில் நவாப் மாளிகை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். அதில் பேச்சு பாஞ்சாலங்குறிச்சிக் கிஸ்தியைப் பற்றியது அல்ல. நாவலந்தீவில் வாழும் எல்லா ஜாதியாரையும், நாட்டிலும் ஊரிலும் இருப்பவர்களையும், சிப்பாய் வேலையில் இருப்பவர்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறது. நம்மவர் ஒற்றுமை இல்லாததால் அன்னியன் நாட்டைப் பிடித்தான், அவனை எதிர்த்து எழுங்கள் என்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பாளையத்தின் 3,310 வராகன் பாக்கியில் ஆரம்பித்த வழக்கு, நாடு யாருடையது என்ற வழக்காக மாறிவிட்டது. நிலம் காய்ந்து சருகு மண்டிக் கிடந்தால் ஒரு பொறி போதும் என்பது நமக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் வென்றார்கள், இங்கே தோற்றோம். அவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் படையும் கப்பலும் வந்தன. நம்மவர்களுக்கு வரவில்லை. கும்பினிக்கோ புதுக்கோட்டை, எட்டயபுரம் என்று உள்ளூரிலேயே துணை இருந்தது. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையின் தலையை வெட்டினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறுவன். அவனையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். கொங்கில் தீரன் சின்னமலை மட்டும் இன்னும் சில ஆண்டு ஓடாநிலையில் நின்று போராடினார். 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் அவர் கதையும் முடிந்தது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே வழிமறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி ஊர்வழிக் கதை உண்டு, காங்கயம் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாகவே சொல்லுவார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த இடத்தை உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த இடம் இனி எழக்கூடாது என்பதற்காக. வேளாண்மைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆமணக்கால் மண் கெடாது, மானாவாரிக்கு அது நல்ல பயிர். உப்புத்தான் கெடுக்கும். 1974-ல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது.

குடியானவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கோட்டைகளை இடித்தார்கள். பாளையக்காரரின் காவல் உரிமை போயிற்று. 1803-ல் தென்பகுதியில் மிஞ்சிய பாளையங்களுக்கு நிரந்தரக் கப்பம் குறித்து ஜமீன்களாக்கினார்கள். நம் பொள்ளாச்சித் தாலுகாவில் ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் என்று ஜமீன் பெயர்கள் இருக்கின்றனவே, அவையும் ஒரு காலத்துப் பாளையங்கள்தாம். மற்ற நிலத்துக்கு ரீடும் மன்றோவும் சேலம் பக்கம் ஆரம்பித்து வைத்த ரயத்துவாரி முறை வந்தது. ஒவ்வொரு குடியானவன் பேரிலும் பட்டா, ஒவ்வொருவனும் சர்க்காருக்கு நேராகக் கிஸ்தி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜப்தி. நடுவில் இருந்த பாளையக்காரர் போனார், கலெக்டர் முன்னால் நிற்கிற முறை நம் பாட்டன் பூட்டனுக்கு வந்தது. ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-ல்தான் வந்தது.

விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. வாழைக்கன்று வாங்க அந்தப் பக்கம் போகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கன்று வாங்கும்போது நோயில்லாத தாய்மரத்துப் பக்கக் கன்றா என்று கேட்டு வாங்குங்கள், முடிக்கொத்து நோய் அந்த வாழைக்குப் பெரிய எதிரி.